பிந்தி வந்த கடிதம்

உதைபந்தாட்டத்தைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் எழுதப் புகுவதை வாசகர்கள் ஐயத்தோடு நோக்குதல் இயல்பே. பந்தை முறையாக உதைக்கவும் நான் அறியேன். சிறுவயதில் என் பெற்றோர் என்னைத் திடலிலிருந்து தனியார் கல்வி நிலையத்துக்கு இழுத்துச் சென்றனர்; அங்கிருந்து பல்கலைக்கழகம் சென்று, தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்றேன். ஆயினும், எங்கள் பகுதி உதைபந்தாட்ட இரசிகர்கள் ஆண்டுக்கணக்காக நடத்திவரும் ஒரு வாதத்தில் எனக்கும் பங்குண்டு. அந்தப் பங்கு பெருமைக்குரியதன்று. அதைச் சொல்லவே இதனை எழுதுகின்றேன்.

நான் கற்பிக்கும் பாடசாலை வலிகாமத்தின் கரையோரக் கிராமமொன்றில் இருக்கின்றது. பாடசாலைக்கும் கடலுக்கும் இடையே ஒரு திடல். மாரிகாலத்தில் மட்டும் அதிற் சிறிது புல் முளைக்கும்; மற்றைய மாதங்களில் மணலும் சிப்பியுந்தான். திடலின் மேற்கு மூலையில் ஒரு பூவரச மரம் நிற்கின்றது. மாலை ஐந்து மணிக்குப் பின் அதன் நிழலிற் கூடும் கூட்டத்துக்கு அழைப்பிதழும் இல்லை, தலைவரும் இல்லை. விடியற்புறம் கடலுக்குப் போய்வந்து உறங்கி எழுந்தவர்கள், சீவற் தொழிலாளர், மேசன்மார், ஓட்டோ ஓட்டுபவர்கள், வேலை தேடும் இளைஞர், இளைப்பாறிய தபாற்காரர் ஒருவர் ஆகியோரே அதன் அங்கத்தவர்கள். எவனைப் பின்களத்தில் நிறுத்துவது, எவனை முன்னே விடுவது, மாவட்ட அணிக்குத் தகுதியானவன் எவன், இலங்கை அணி என்றைக்கு உருப்படும் என்பனவே அங்கு பேசப்படும் பொருள்கள்.

படித்தவர்கள் இதனை வீண்பேச்சு என்பர். யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கம் நெடுங்காலமாகப் பாடப்புத்தகத்தை முதலாகவும், பெரிய கல்லூரிகளின் கிரிக்கெட் போட்டியைத் திருவிழாவாகவும் கொண்டு வாழ்ந்தது. உதைபந்தாட்டமோ கல்லூரித் திடல்களிலிருந்து இறங்கி, உழைக்கும் மக்களின் ஆட்டமாயிற்று. குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென் மேரிஸ், இளவாலை யங் ஹென்றீசியன்ஸ், நவிண்டில் கலைமதி என்று கழகப் பெயர்களை அடுக்கிப் பாருங்கள். குடாநாட்டின் மீனவர் துறைகளும் தோட்டக் கிராமங்களும் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். கிணற்றடியிலும் கோயில் வாசலிலும் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட மனிதனை, பந்தோடு ஓடும்போது ஒதுக்க முடியவில்லை. அவனை மறிக்க வேண்டுமானால் அவனோடு சேர்ந்து ஓடத்தான் வேண்டும். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவியர் இந்த ஆட்டத்தில் நாடறியப் பெயர் பெற்ற பின்னர், பெண்பிள்ளைக்குத் திடலில் என்ன வேலை என்ற கேள்வியும் நலிந்துவிட்டது.

2024 செப்டெம்பர் 10ஆம் திகதி, நொம்பென் நகரில், ஆசியக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டமொன்றில் இலங்கை அணி கம்போடியாவுடன் 2–2 எனச் சமநிலை கண்டு, பின்னர் தண்ட உதைகளில் வென்றது. உலகத் தரவரிசையில் இருநூறாம் இடத்துக்கும் பின்னாற் கிடந்த அணிக்கு அது சிறு வெற்றியன்று. மறுநாள் மாலை பூவரசடியில் நிற்க இடமில்லை.

"வெண்டது சரி. ஆனா எப்ப பார்த்தாலும் அஞ்சு பேரைப் பின்னுக்கு விட்டிட்டு நிக்கிறாங்கள். உது பயந்தாங்கொள்ளி விளையாட்டு" என்று ஓட்டோ ஓட்டும் இளைஞர் தொடங்கினார்.

"பயத்தில இல்லைத் தம்பி, ஓட ஏலாது" என்றார் சீவற் தொழிலாளி. "தொண்ணூறு நிமிசம் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடுறதெண்டால் வருசம் முழுக்க மட்ச் விளையாடியிருக்க வேணும். ஒரு மாசம் மரம் ஏறாமல் விட்டிட்டுப் பிறகு ஏறிப் பார். முழங்கால் சொல்லும்."

நான் வியந்தேன். அணியின் நோயை அவர் ஒரே சொல்லிற் கண்டுவிட்டார். 2023 ஜனவரியில், நிருவாகத்தில் வெளியார் தலையீடு என்று காரணம் காட்டி, ஃபீஃபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்திற்று. தடை நீங்கியது அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில். கதிரைகளுக்கான சண்டையின் பயனாக ஏழு மாதங்கள் நாட்டின் அணி எந்த நாட்டோடும் ஆட இயலவில்லை. ஆடாத காலுக்கு மூச்சு எங்கிருந்து வரும்? மூச்சில்லாதவன் தன் கோலடியில் கூட்டமாக நின்று காப்பதைத் தவிர வேறு என்ன தந்திரத்தைக் கைக்கொள்வான்? பயிற்சியாளர் கரும்பலகையில் எழுதும் தந்திரம் அலுவலக மேசையில் முன்னரே எழுதப்பட்டுவிடுகின்றது.

பேச்சு வீரர் தெரிவுக்குத் திரும்பிற்று. அண்மை ஆண்டுகளில் இலங்கைச் சட்டை அணிந்தவர்களுட் பலர் பிறநாடுகளிற் பிறந்தவர்கள். வசீம் ராசிக் பேர்லினிற் பிறந்தவர். ஆதவன் ராஜமோகன் சுவீடனிற் பிறந்தவர். இப்பெயர்களை இளைஞர் ஒருவர் பெருமையோடு எடுத்துரைத்தபோது, அதுவரை பேசாதிருந்த மேசன் ஒருவர் சொன்னார்:

"அப்ப, வெளிநாட்டுக்குப் போனாத்தான் இலங்கைக்கு விளையாடலாம்."

எல்லாரும் சிரித்தனர். அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள்மீது எங்களுக்குக் காழ்ப்பில்லை. நல்ல புல்தரையும் பயிற்சியும் அவர்களுக்குக் கிடைத்தன, அவற்றின் பயனை அவர்கள் இங்கு கொண்டுவருகின்றனர், வரட்டும். ஆனால், போக வழியில்லாமல் இந்த மணலிலேயே ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளையை எவர் வந்து பார்ப்பது? வடக்கிலிருந்து எவருமே தெரிவாகவில்லை என்பதும் உண்மையன்று. மன்னாரின் டக்சன் பியூஸ்லஸ் இலங்கைப் பின்களத்தின் தூணாக நின்றார். 2022இல் மாலைதீவில் அவர் இறந்தபோது எங்கள் திடலிலும் ஒரு நாள் பந்து உருளவில்லை. ஆனால், ஒருவர் வருவதற்கு எத்தனை பேர் வழியில் நின்றுவிடுகின்றனர்? கொழும்புக்கு ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர். ஓர் இரவுப் பஸ் பயணம். திரும்பிவர இன்னோர் இரவு. துணைக்குப் போகும் தகப்பனுக்கு இரண்டு நாட்கூலி நட்டம். போர் நடந்த காலத்தில் அந்தப் பாதையும் இல்லை. 2006 ஓகஸ்டில் ஏ–9 வீதி மூடப்பட்டபோது, ஒரு தலைமுறையின் ஆட்டம் குடாநாட்டுக்குள் அடைபட்டது. யாழ்ப்பாணத்தின் முதன்மை அரங்கான துரையப்பா விளையாட்டரங்கைத் திருத்துவதற்காக 1999இல் நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அத்தகைய மண்ணில் நின்றே நாங்கள் அணித் தெரிவைப் பற்றி வாதிடுகின்றோம்.

"உதெல்லாம் கிடக்கட்டும். உது எங்கட ரீமோ?" என்று ஓர் இளைஞன் கேட்டான்.

அதற்கு மறுமொழி சொன்னவர் முதிய சம்மாட்டி ஒருவர். "தொண்ணூற்றஞ்சில தெற்காசியக் கிண்ணம் வெண்டவங்கள். இந்தியாவை. கரண்ட் இல்லாத காலம். மகன் சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவைச் சுத்தினான். நான் றேடியோவுக்குக் காது குடுத்தனான். செய்தி கேட்டுச் சந்தோசப்பட்டனாங்கள். பொய் சொல்லப்படாது. அதுக்குப் பிறகு நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே."

தெரியும். அந்த இறுதியாட்டம் 1995 ஏப்பிரல் 2ஆம் திகதி கொழும்பில் நடந்தது. அப்போது போர்நிறுத்தம் நிலவிற்று. ஏப்பிரல் 19இல் அது முறிந்தது. ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் மழையில் நனைந்து ஊரைவிட்டு வெளியேறினர். ஒரே ஆண்டில் வெற்றிச் செய்திக்கு மகிழ்ந்த மக்களே அகதிகளாயினர். எங்கள் அணியா என்ற கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை இறுக்க எங்களால் இயலாமைக்கு இதுவே காரணம். ஆயினும் தோற்றால் எங்களுக்கு நோகின்றது. நோவு இருக்குமிடத்தில் உரிமையும் இருக்கின்றது என்றே நான் கருதுகின்றேன்.

சம்மாட்டி நிறுத்தவில்லை. "ஏன், எங்கட பெடியன் ஒருத்தனையும் கூப்பிட்டவங்கள்தானே? நாள் முடிஞ்ச பிறகு கடிதம் அனுப்பினவங்கள். மாஸ்ரர் சாட்சி. கேட்டுப் பாருங்கோ."

"தபாலில பிந்தேல்லை" என்று இளைப்பாறிய தபாற்காரர் வழக்கம்போல் இடைமறித்தார். "எங்கட பக்கத்தில ஒரு நாளும் பிந்தேல்லை. அவங்கள்தான் பிந்தி அனுப்பினவங்கள்."

எல்லாரும் என்னைப் பார்த்தனர். நான் தலையை அசைத்தேன்.

அது பொய்.

2018ஆம் ஆண்டு அவனுக்குப் பதினேழு வயது. பின்களத்தில் ஆடுபவன். பந்து வருமுன்னரே அது வரும் இடத்திற் போய் நிற்பான். மாவட்டப் போட்டியொன்றில் அவன் ஆட்டத்தைக் கண்ட எவரோ பெயரைக் குறித்துச் சென்றிருக்கின்றார். சில வாரங்களின் பின் கொழும்பிலுள்ள ஓர் அலுவலகத்திலிருந்து அவனுக்கு ஒரு கடிதம் வந்தது. அது முழுவதும் சிங்களத்தில் இருந்தது. அவன் தந்தை கூலிக்குக் கடலுக்குப் போகின்றவர். கடிதத்தைச் சேட்டுப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, மகனோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "மாஸ்ரர் படிச்சவர். என்னெண்டு பார்த்துச் சொல்லுங்கோ" என்றார்.

எனக்குச் சிங்களத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. அதைச் சொல்லியிருக்கலாம், நாணம் தடுத்தது. "வைச்சிட்டுப் போங்கோ, பார்த்துச் சொல்லுறன்" என்றேன். எங்கள் பாடசாலைக்கு வாரத்தில் இரு நாட்கள் வரும் சிங்கள ஆசிரியையிடம் காட்டலாம் என்பது என் எண்ணம். கடிதத்தை விரித்தும் பாராமல், அப்போது படித்துக்கொண்டிருந்த இலக்கண உரைநூல் ஒன்றின் நடுவில் வைத்தேன். தவணைப் பரீட்சை வந்தது, விடைத்தாட்கள் குவிந்தன, உரைநூல் மூடியபடியே கிடந்தது. பதினொரு நாட்களின் பின் அதனைத் திறந்தபோதுதான் கடிதம் நினைவுக்கு வந்தது. ஆசிரியை வாசித்தார். அவர் முகம் மாறிற்று. "இளையோர் அணித் தெரிவு, சேர். போன சனிக்கிழமை முடிஞ்சுது" என்றார்.

அன்று மாலை அந்தத் தந்தையிடம், "அவங்கள் பிந்தித்தான் அனுப்பியிருக்கிறாங்கள், தெரிவு முடிஞ்சுது" என்றேன். அவர் சினக்கவில்லை. "எங்களுக்கு எப்பவும் உப்பிடித்தானே மாஸ்ரர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு பொய் இவ்வளவு எளிதில் நம்பப்பட வேண்டுமானால், அதற்கு முன் எத்தனை உண்மைகள் நடந்திருக்க வேண்டும்! அவர் வாழ்க்கையிற் கண்ட அநீதிகள் அத்தனையும் என் பொய்க்குப் பிணை நின்றன. அரசு செய்த பிழை என் சோம்பலுக்குக் குடையாயிற்று. அந்தப் பொய் பின்னர் பூவரசடிக்குப் போயிற்று. வாதத்தில் ஓர் ஆதாரமாயிற்று. ஆறு ஆண்டுகளாக அங்கு வாழ்ந்தது.

அன்று தலையசைத்த பின் எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. பயிற்சி முடிந்து பிள்ளைகள் கலைந்தபோது திடலுக்குள் இறங்கினேன். அவன் இப்போதும் எங்கள் ஊர்க் கழகத்தின் பின்கள வீரன். காலையிற் கடலுக்குப் போகின்றான். இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்த நாட்களில் கரையிலிருந்து வலை பொத்துகின்றான். மாலையிற் சிறுவர்களுக்குப் பந்து பழக்குகின்றான். நடந்ததை அவனிடம் சொன்னேன். சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவன் நிமிராமலே மறுமொழி சொன்னான்.

"தெரியும் சேர். திகதி இலக்கத்திலதானே எழுதிக் கிடந்தது. கடிதம் வந்த அண்டைக்கே பார்த்தனான். என்ன நாள் எண்டுதான் விளங்கேல்லை. ரெண்டு தரம் ஆசிரியர் அறை வாசலுக்கு வந்தனான். நீங்கள் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தியள். குழப்பப்படாது எண்டு திரும்பிப் போட்டன்."

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"அப்பாவுக்கு உங்களில நல்ல மதிப்பு, சேர்."

நான் மொழி தெரியாதென்று விரிக்காமல் வைத்த கடிதத்தில், எம்மொழியும் வேண்டாத இலக்கங்களில் நாள் எழுதப்பட்டிருந்தது. பதினேழு வயதுப் பிள்ளை அதனைக் கண்டான். ஆசிரியன் காணவில்லை. ஆசிரியனைக் குழப்பக்கூடாது என்று அவனுக்கு நாங்களே கற்பித்திருந்தோம். அந்தப் பாடத்தில் அவன் நன்றாகத் தேறியிருந்தான்.

நண்பர்களே, 2025 ஒக்டோபரில் கேப் வேர்டே என்னும் அத்திலாந்திக் தீவு நாடு 2026ஆம் ஆண்டின் உலகக் கிண்ணப் போட்டிக்குத் தகுதி பெற்றது. அங்கு வாழும் மக்கள் ஏறக்குறைய ஐந்து இலட்சம். அந்த அணியிலும் பிறநாடுகளிற் பிறந்தவர்கள் பலர். அவர்களுள் ஒருவர் டப்ளினிற் பிறந்த ரொபேர்ட்டோ லோப்பஸ். பயிற்சியாளர் அவருக்கு லிங்க்டின் வழியாகப் போர்த்துக்கேய மொழியில் ஒரு செய்தி அனுப்பினார். அம்மொழி அறியாத லோப்பஸ் அதனைப் பொருட்படுத்தவில்லை. மாதங்கள் சென்றன. பயிற்சியாளர் மறுபடியும் எழுதிக் கேட்டார். அதன் பின்னரே லோப்பஸ் முதற் செய்தியை மொழிபெயர்த்துப் பார்த்தார். 2019இல் அந்நாட்டுச் சட்டையை அணிந்தார். விளங்காத மொழியில் ஓர் அழைப்பு வந்தது என்ற அளவில் அவர் கதையும் எங்கள் பிள்ளையின் கதையும் ஒன்றே. அவருக்கு இரண்டாம் கடிதம் வந்தது. எங்கள் பிள்ளைக்கு வரவில்லை. ஒரு நாட்டு அணியின் எதிர்காலம் இந்த இரண்டாம் கடிதத்தில் இருக்கின்றது. வாராத பிள்ளையை ஏன் வரவில்லை என்று கேட்க எவரேனும் இருக்கின்றாரா என்பதே தெரிவின் முதற் கேள்வி. ஐவர் பின்னே நிற்பதா நால்வர் நிற்பதா என்பது அதன்பின் எழுவது.

சட்டம் என்ன சொல்கின்றது? 1956இற் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்றனர். 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் ஆட்சிமொழி என்றது. அதற்கு முப்பத்தோர் ஆண்டுகளின் பின், தமிழ் மட்டுமே அறிந்த மீனவனின் வீட்டுக்குச் சிங்களத்தில் மட்டுமே கடிதம் வந்தது. இது குற்றம். இதனை எதிர்த்து நாம் பேசத்தான் வேண்டும். ஆனால் உரிமைக்காகப் பேசுதல் வேறு, அயல் மக்களின் மொழியை அறியாதிருத்தலைப் பெருமையாகக் கொள்ளுதல் வேறு. அறியாமையின் விலையைப் பட்டதாரியாகிய நான் கொடுக்கவில்லை. கூலிக்குக் கடலுக்குப் போகும் ஒருவரின் மகன் கொடுத்தான். நியாயமான குற்றச்சாட்டுக்குள் ஒரு பொய்யை நுழைத்ததன் மூலம் அந்த நியாயத்தையும் நான் பலவீனமாக்கினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, முதலில் அந்தத் தந்தையின் வீட்டுக்குப் போனேன். அவர் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் எனக்குத் தேத்தண்ணி கொடுக்கும்படி உள்ளே சொன்னார். அதைக் குடித்து முடிக்க நான் பட்ட பாட்டை எழுத முடியாது. அங்கிருந்து பூவரசடிக்குச் சென்று எல்லாவற்றையும் சொன்னேன். முதலிற் பேசியவர் தபாற்காரர்.

"நான் அப்பவே சொன்னனான், தபாலில பிந்தேல்லை எண்டு."

சம்மாட்டி என்னை உற்றுப் பார்த்தார். "கடிதம் சிங்களத்திலதானே வந்தது?"

"ஓம்."

"அப்ப பாதி அவங்கட பிழை. பாதி உங்கட பிழை." சற்றுப் பொறுத்து, "எங்கடையும் கொஞ்சம் கிடக்கு. ஒருத்தரும் வந்து என்னாச்செண்டு கேக்கேல்லையே" என்றார்.

பல்கலைக்கழகத்தில் நான் எழுதிய எந்தக் கட்டுரைக்கும் இத்துணை நேரான திருத்தம் கிடைத்ததில்லை. பின்னர் அவர்கள் அடுத்த சுற்றை எப்படி எதிர்கொள்வது என்ற வாதத்துக்குத் திரும்பினர். நான் எழுந்து போகவில்லை. எவரும் போகச் சொல்லவும் இல்லை.

அந்த ஆண்டின் இறுதியிலிருந்து எங்கள் சிங்கள ஆசிரியையிடம் நான் எழுத்துக் கூட்டப் பழகிவருகின்றேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் என் கொப்பியைப் பார்த்துச் சிரிக்கின்றனர். மாலை ஐந்து மணிக்குப் பின் மேலதிக வகுப்பு வைப்பதையும் நிறுத்திவிட்டேன். இவை பெரிய காரியங்கள் அல்ல. ஆனால் இவ்விதழை வாசிக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் ஊர்த் திடலோரத்தில் ஒரு மாலை சென்று அமருமாறு வேண்டுகின்றேன். அங்கு பேசப்படுவது வெறும் பந்தைப் பற்றியதன்று. பஸ் கட்டணம், நாட்கூலி, மொழி, பாதை, பதவிச் சண்டை என நம் சமுதாயத்தின் கணக்கு முழுவதும் அங்கே பார்க்கப்படுகின்றது. நம் பெயர் அதில் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றது என்பதை நாமும் அறிதல் நன்று.

2025இன் இறுதியில் இன்னொரு கடிதம் வந்தது. இம்முறை எங்கள் பாடசாலை மாணவி ஒருத்திக்கு. கொண்டுவந்தவன் அவனே, அவளுக்குப் பந்து பழக்கியவனும் அவன்தான். இதுவும் சிங்களத்தில்தான் இருந்தது. ஆசிரியை வரும் நாள் அன்று. பூவரசடியில் எல்லாரும் பார்த்திருக்க, நான் எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தேன். அரை மணித்தியாலம் சென்றது. ஆனால் எதற்கும் முன், இலக்கங்களைத் தேடித் திகதியைப் பார்த்தேன். இன்னும் ஒன்பது நாட்கள் இருந்தன. சம்மாட்டி தன் தொப்பியைக் கழற்றிக் கவிழ்த்துப் பிடித்தார். இருட்டுவதற்குள் இரண்டு பேருக்கான பஸ் காசு சேர்ந்துவிட்டது.